ஏகாம்பரத்தைப் படுக்க வைத்தவர்கள்

மூன்றாம் பீரியடில் பியூன் வந்து, "ஏகாம்பரம் சார் பூட்டாரு" என்றார். புதிய தலைமையாசிரியர், "எந்த ஏகாம்பரம்?" என்று கேட்டார். "பழைய சயின்ஸ் சாருதான். படுத்துக்கினே இருந்தாரே, அவுரு."

ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவருக்குக் கடைசியில் மிஞ்சிய அடையாளம் அதுதான். அவராகப் படுக்கவில்லை. படுக்க வைத்தார்கள். அவரை அறிந்த உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் பக்கவாதம் வந்து விழுந்த அன்று, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் உயிரைக் காப்பாற்றினார். இடது கையும் காலும் வரவில்லை. "அசையாமல் படுக்க வையுங்கள்" என்றதோடு வைத்தியம் முடிந்தது. வீட்டில் புறா ரத்தம் தேய்த்தார்கள். தொங்கிய கையைத் துண்டால் மார்போடு கட்டினார்கள். அவரோடு அதே பள்ளியில் வேலை பார்த்த நான் அதை நீட்டிவிடப் போனால் அவர் மனைவி, "பொழச்சதே பெருசு. அவுர ஏன் சார் இம்சை பண்றீங்க?" என்பார். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லித் தர வேண்டிய சுகாதார நிலையத்தார் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏகாம்பரம் சொன்னார்: "வாய் கீது, வலது கை கீது. கிளாஸ்ல நிக்கணும், அவ்ளோதான்யா."

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி தரும் ஓர் அம்மாள், வாரம் மூன்று நாள் வரச் சொன்னார். நடக்கப் பழகுவதற்கு, நடக்க முடியாதவர் மாட்டுவண்டியில் உத்திரமேரூர் போய் அங்கே பஸ் ஏற வேண்டும். தூக்கி ஏற்றும்போது கண்டக்டர், "மூட்டைன்னா மேல போடு சார்" என்றான். "மேலயே போடுய்யா, காத்தாவது வரும்" என்றார் ஏகாம்பரம். அறுவடை வந்தது, வண்டியும் இல்லை, தூக்க ஆளும் இல்லை. பயணம் நின்றது. அதே நாட்களில் கருத்தடை முகாமுக்கு ஆள் பிடிக்க, சுகாதார நிலைய ஜீப் வாசல் வாசலாக வந்தது.

அந்த முகாமுக்கு மேலதிகாரி ஒருவர் வந்தபோது, ஏகாம்பரம் தம்மை நாற்காலியோடு தூக்கிப் போகச் சொன்னார். "வாரத்துல ஒரு நாள் அந்த செங்கல்பட்டு பிசியோதெரபி அம்மாவ இங்க அனுப்புங்க சார். போலியோ புள்ளைங்க தெருவுக்குத் தெரு கீதுங்க."

"காலராவுக்கே ஆள் பத்தல. கை கால் பிடிச்சுவிட ஒரு ஆளா?"

ஊர்ப் பிரமுகர்கள் சிரித்தார்கள். அது அடங்கும்வரை காத்திருந்து அவர் சொன்னார்: "உசிரக் காப்பாத்திட்டீங்க. அத வச்சுக்கினு இன்னா பண்றதுன்னு யாரும் சொல்லலியே."

அன்று சிரித்தவர்கள் இப்போது சாவு வீட்டுக்கு ரோஜா மாலையோடு வந்திருந்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும்.

மடங்கிய கால் அப்படியே இறுகியது. முதுகில் புண் வந்தது. அந்தப் புண்ணின் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோனது. பாடையில் காலை நீட்ட முடியாமல் தடுமாறியபோது ஒருவர், "எல்லாம் விதி" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு காலைப் பொழுது. செங்கல்பட்டில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அந்த அம்மாள் அவரை நிறுத்தினார். இடுப்பைப் பிடித்திருந்த என்னைப் பார்த்து, "கைய எடுய்யா" என்று ஏகாம்பரம் சீறினார். எடுத்தேன். வியர்த்துக் கொட்ட, வகுப்பைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தபடி நின்றார்.

அவர் நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். யாரையும் மன்னிப்பதாக இல்லை.