பெட்டோஸ் வயலோரத்து யூ வேலி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இங்கிலாந்தில் ஹெரிஃபோர்ட் பக்கம் முப்பது வருஷமாக உயிர்வேலி வெட்டிப் பிழைக்கிறவன் நான். மரத்தைப் பார்த்து மிரளுகிற ஆள் இல்லை. இது என் கையில் நடந்தது.

நவம்பர் முதல் வாரம். ஹெஸ்டர் பெட்டோஸுக்கு ஏழு பசுக்கள் இருந்தன. ஐந்து அடுத்தடுத்துச் செத்துப்போயின. மிச்சம் இரண்டும் போனால் பண்ணையை மூட வேண்டியதுதான். பக்கத்து வீட்டு ஆம்ப்லெட் வேலியை வெட்டி, தழையை அவள் வயலில் போடுகிறார் என்பது அவள் புகார். யூ என்கிற ஊசியிலை மரத்தின் தழை மாட்டுக்கு விஷம். அது யூதானா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஃபர் மரம்ப்பா இது, விஷமில்ல. அந்தம்மா பேச்சைக் கேக்காத," என்றார் ஆம்ப்லெட்.

ஓர் இலையைத் திருப்பினேன். ஃபர் என்றால் அடியில் வெள்ளைக் கோடு இருக்கும். இதில் இல்லை. ஃபர் கூம்புக்காய்தான் காய்க்கும். கிளையெல்லாம் சிவப்புப் பழம், நடுவில் விதை எட்டிப் பார்த்தது.

"யூதாங்க," என்றேன்.

"சரி, யூதான். ஆனா மூணு வருஷமா நான் கத்திரியே வெக்கல."

"பின்ன எங்க மாடே கத்திரி எடுத்து வெட்டிக்கிச்சா? பொய்யப் பாரு, கிழட்டு மூஞ்சில!" ஹெஸ்டர் காறித் துப்பினாள்.

எனக்கும் ஆம்ப்லெட் மேல்தான் எரிச்சல். வேலி சுவர் மாதிரி மட்டமாக வெட்டியிருந்தது. இருவரும் திட்டிக்கொண்டே அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் வயல் பக்கம் சாக்கை விரித்து, கிடந்த தழையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

மணி நாலு இருபது. இருட்டிக்கொண்டு வந்தது.

கிரீச்... சக்.

என் காலடியில் ஒரு தழை விழுந்தது. வெட்டுவாய் ஈரமாக இருந்தது.

"யோவ் ஆம்ப்லெட்! நான் இங்கேயே நிக்கிறேன்யா!"

வேலி முடியும் இடத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஆம்ப்லெட் தன் சமையலறையில் விளக்கடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கிரீச்... சக்.

சத்தம் அந்தப் பக்கம் இல்லை. வேலிக்குள்ளிருந்து வந்தது.

யூ வேலி வெளியேதான் அடர்த்தி. உள்ளே இலை இருக்காது. காய்ந்த கிளைகளும் இருட்டும்தான். ஓர் ஆள் நிற்கலாம். கிளையை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். வெட்டுகளைத் தடவினேன்... எல்லாம் உள்ளிருந்து வெளியே வெட்டியவை.

சத்தம் நின்றது.

ஈர மண் வாடை.

என் கையில் எதுவோ பட்டது... விரல்கள். ஜில்லென்ற விரல்கள்.

உள்ளங்கையில் ஒரு தழையை வைத்தன.

என் விரல்களை ஒவ்வொன்றாக மூடின...

ஓடினேன். ஹெஸ்டரிடம் "மாட்டை உள்ள கட்டுங்க, பூட்டுங்க!" என்று கத்தினேன். அவள் தொழுவத்தைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

காலையில் பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே இரண்டு பசுக்களும் செத்துக் கிடந்தன. வாயில் பச்சைத் தழை. ஹெஸ்டர் ஒரு மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

ஆம்ப்லெட்டும் வந்து பார்த்தார்.

"அந்த வேலி நடறதுக்குக் குச்சி எங்க ஒடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கல்லறைத் தோட்டத்துல. ஈனோக் டிரான்டர் தலைமாட்டுல நிக்குற பெரிய யூ. எல்லாக் குச்சியும் அந்த ஒரே மரத்துதான்."

ஹெஸ்டர் அழுகையை நிறுத்தினாள்.

"டிரான்டர் எங்க மாமனார்கிட்ட வேலி வெட்டினவன். மாட்டுக்கு விஷம் வெச்சான்னு பழி போட்டு மாமனார் விரட்டிட்டாரு. அந்தக் குளிர்லயே செத்தான். நாப்பது வருஷம் ஆச்சு. பொதைக்கும்போது நான் இருந்தேன். வெயில் படட்டும்னுதான் அந்த மூலையில பொதைச்சோம். அப்ப அங்க மரமே இல்லையே!"

போய்ப் பார்த்தேன். யூ மரம் வருஷத்துக்கு நூலளவுதான் பருக்கும். டிரான்டரின் தலைமாட்டில் நின்ற மரத்தை மூன்று பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அவ்வளவு பருக்க நானூறு வருஷமாவது ஆகும்.