பொட்டு வைத்த பலகை

நாற்பத்தொரு வயதில், அலைமேல் பலகையில் சறுக்கும் சர்ஃபிங் பழகப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார். அதோடு சரி. இரண்டு மாதம் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்தையாபுரத்தில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. ஞாயிறுதோறும் நான் ஈரத்தலையோடு வந்து நிற்பேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கற்றுக்கொடுத்தது கீழவைப்பார் என்ற கடலோர ஊர்ப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். எங்கள் பக்கம் அலை இடுப்பளவு வந்தாலே பெரிது, அதற்கு நீளப் பலகைதான் தோது. அதில் எழுந்து நிற்பது பாதி வேலைதான். ஓடும் பலகையில் முன்நுனி வரை நடக்க வேண்டும். காலை இழுக்கக் கூடாது. ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே தூக்கி வைக்க வேண்டும். குனிந்து காலைப் பார்க்கவும் கூடாது. கடைத் தரையில் ஒன்பது அடிக்கு டேப் ஒட்டி, கூட்டமில்லாத மதியங்களில் நடந்து பழகினேன்.

"என்ன அண்ணாச்சி, வீட்டம்மா பூக்குழி எறங்கப் போறாகளா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கக்கூட இல்லை.

ஆயுத பூஜையன்று தராசு, கல்லாப்பெட்டி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், சுவரில் சாய்த்திருந்த என் பலகையிடம் போனார். குங்குமம் தண்ணீரில் கரைந்துவிடும் என்று சிவப்பு எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, முன்நுனியில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். டப்பாவை மூடிவிட்டுப் போய்விட்டார். நான் குடோனுக்குள் போய் அழுதேன்.

வந்தது வினை. அடுத்த ஞாயிறு, மூன்று எட்டு ஒழுங்காக வைத்தேன். நாலாவது எட்டுக்குக் கால் போகவில்லை, தண்ணீரில் விழுந்தேன். அடுத்தடுத்த வாரங்களும் அதே கதை.

"அங்கன வந்ததும் ஏன்க்கா நின்னுருதிய?" என்று கற்றுக்கொடுப்பவள் கேட்டாள்.

"பொட்டு இருக்குல்லா! அதைப் போயி எப்படி மிதிப்பேன்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதம் வாய் திறக்காத மனுஷன் வைத்த பொட்டு. சுரண்டி எடுக்கவும் மனசு கேட்கவில்லை, மிதிக்கவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் அவரிடமே சொல்லிவிட்டேன்.

தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஏளா, இந்தத் தட்டுக்கும்தான் பொட்டு வைக்கோம். அதுக்காவ ஆணியைக் கொட்டாமலா இருக்கோம்?"

அடுத்த ஞாயிறு கடையைத் திறக்காமல் என்னோடு வந்தார். கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அலை வந்தது. எழுந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே பார்க்காமல் நாலாவது எட்டு வைத்தேன். பெயிண்டின் வழுவழுப்பு உள்ளங்காலில் பட்டது. அப்படியே தலைகுப்புற விழுந்தேன்.

மூக்கில் ஏறிய உப்புத்தண்ணீரைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் வேட்டியோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்: "ஏளா, மிதிச்சியா?"

"மிதிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.