சாவு வீட்டில் நான் பாடச் சொன்ன பாட்டு

அப்பா செத்த அன்று நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

எங்கள் பருத்திப்பட்டுப் பக்கம் சாவு விழுந்தால் கானா பாடுகிறவர்கள் வருவார்கள். ஐஸ் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, செத்தவருக்குப் பிடித்த பாட்டு எது என்று வீட்டாரைக் கேட்டுப் பாடுவார்கள். அப்பாவுக்குப் பிடித்தது ஒன்றுதான். ஸ்டிரைக் நேரத்தில் கம்பெனி கேட்டைப் பூட்டிய முதலாளியையும், அவனுக்குப் பயந்து வேலைக்குப் போகிறவனையும் கிண்டலடிக்கிற பாட்டு. தினமும் முனகுவார். எனக்கும் அது என்றால் உயிர். ஆனால் எந்தக் கம்பெனி, எந்தக் காலம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வரிகளை நானே பாடகருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டாவது அடி முடியவில்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவோடு வேலை பார்த்த மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். கொண்டுவந்த மாலையைக்கூடப் போடவில்லை. "இத்தப் போயி ஏம்மா பாட வெச்ச?" என்று ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு நடந்தார்.

காரியமெல்லாம் முடிந்தது. அம்மா முன்பே போய்விட்டாள், கூடப் பிறந்தவர்களும் இல்லை. வெறும் வீட்டில் அந்தக் கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றது. அப்பாவை அவமானப்படுத்திவிட்டேனா? ஒரு பட்டறையில் நடந்த ஸ்டிரைக்கை எந்தப் புத்தகத்தில் போய்த் தேடுவது? விசாரித்துக்கொண்டு, கரையான்சாவடியில் இருந்த, அன்று என்னைக் கேள்வி கேட்ட அந்த மனிதரின் வீட்டுக்கே போய்விட்டேன்.

டீ கொடுத்தார். அப்புறம் கொட்டித் தீர்த்தார்.

"ஸ்டிரைக்குல அந்தப் பாட்டக் கட்னதே ஒங்கப்பந்தாம்மா. கேட்டாண்ட குந்திகினு எல்லாரும் பாடுவோம். ஒருநாள் பார்த்தா, போலீஸ் காவலோட அவனே உள்ள போறான். உட்ருவமா? அவன் பாட்டையே அவன் மூஞ்சிக்கு நேரா பாடுனோம். தெனமும்."

"ஏன் போனாரு?"

"நீ கொறமாசத்துல பொறந்து ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில கீற. எங்களுக்கே அப்பாலதான் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தனும் அவனாண்ட பேசல. சாவுன்றதால வந்தோம்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். "உனக்குன்னு ஒரு சிநேகிதன் உண்டாப்பா? பண்டிகைக்காவது ஒருத்தர் நம்ம ஊட்டுப் படி ஏறினதுண்டா?" என்று நானே அவரை எத்தனை முறை குத்திக்காட்டியிருக்கிறேன்! பாவி மனுஷன், ஒரே ஒரு தடவை, உன்னாலதான் என்று பதிலுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை.