லைனில் இருவர்

நம்பறவங்க நம்புங்க. இது என் மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரியோட தம்பிக்கு, நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல.

அவன் வேலை, ஒரு ஆஸ்பத்திரி ஆப்பைப் பாத்துக்கறது. ப்ரோக்ராமைத் துண்டு துண்டாப் பிரிச்சு, பல வாடகை சர்வர்ல ஓட விட்டிருப்பாங்க. ஒண்ணு விழுந்தா அதோட வேலைய இன்னொண்ணு எடுத்துக்கும். தானாச் சரியாகலன்னா போன் அலறும். ஆளுங்களுக்கும் அதே ஏற்பாடுதான். முதல்ல மச்சானுக்கு அடிக்கும். அஞ்சு நிமிஷத்துல அவன் எடுக்கலன்னா, ரெண்டாவது ஆளுக்கு. அது, ஆபீஸே "அக்கா"ன்னு கூப்பிடற சீனியர்.

இவன் போனைக் கவுத்துப் போட்டுத் தூங்குவான். அக்கா எடுப்பாங்க. மறுநாள், "என்னடா, காதுல பஞ்சா?"ன்னு சிரிப்பாங்க. அவ்வளவுதான்.

ஒருநாள் அக்காவுக்கு நெருப்பா காய்ச்சல். "நான் எடுத்துக்கறேன்க்கா, நீங்க தூங்குங்க"ன்னான். தூங்கினது இவன். ராத்திரி போன் அக்காவுக்குப் போச்சு. அவங்க, சிக்னல் கிடைக்கலன்னு லேப்டாப்போட மொட்டைமாடிக்கு ஏறியிருக்காங்க. தலை சுத்தி, படியிலேயே…

அக்கா போய் மூணு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை. மதியம் மூணு இருபது. வெளிய சுள்ளுன்னு வெயில். போன் அலறிச்சு. இப்பல்லாம் அது அவன் கையிலேயேதான் இருக்கும். உடனே எடுத்தான்.

ஸ்கிரீன்ல, "ஏற்கனவே எடுக்கப்பட்டது."

பக்கத்துல அக்கா பேரு.

மேனேஜருக்குப் போட்டான். "அண்ணே, லிஸ்ட்லேர்ந்து அக்கா பேரை இன்னும் எடுக்கலையா?"

"அன்னைக்கே எடுத்தாச்சேடா. இப்ப ரெண்டாவது ஆள் நான்தான். எனக்கு ஒண்ணும் வரலையே!"

கோளாறு வந்தா, எல்லாரும் சேந்து பேச ஒரு பொது லைன் தானாத் திறக்கும். அதுல நுழைஞ்சான்.

ஸ்கிரீன்ல, "லைனில் இருவர்."

ஒரு இருமல்.

அப்புறம் படி ஏறற சத்தம். தப்… தப்…

மூச்சு வாங்குது.

"அக்கா… நான் எடுத்துக்கறேன். நீங்க தூங்குங்க."

சத்தம் நின்னுச்சு.

"அன்னைக்கும் இதைத்தானேடா சொன்ன?"

லைன் கட்.

சர்வர் எல்லாம் சரியாயிடுச்சு. யாரும் கை வைக்கல.

மறுநாள் மேனேஜர் அந்த லைனோட ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டார்.

"அக்கா குரல்தான்டா. எப்படின்னு எனக்குத் தெரியாது."

யார் யாருக்கு போன் போச்சுங்கற பதிவையும் திறந்து பாத்தார். அப்புறம் மெதுவா…

"ஆனா இதுல நீ இல்லவே இல்லையே. அஞ்சு நிமிஷமும் உன் போன் அடிச்சிருக்கு… நீ எடுக்கவே இல்லன்னு காட்டுது."