பந்து குறுக்கே உருண்ட நாள்

முன்பள்ளியில் காலை வட்டத்தை நடத்துவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் வகுப்புக்கு வந்து பார்க்கலாம். இருபது பிள்ளைகளைப் பாயில் வட்டமாக இருத்தி, ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று பழக்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. பயிற்சி வகுப்பில் இதற்குப் பந்து முறையை ஏதோ புதுக் கண்டுபிடிப்புப் போலச் சொல்லித் தந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் சின்ன வயதில் நான் போன முன்பள்ளியில் எங்கள் ரீச்சர் அதை எப்போதோ செய்துவிட்டார்.

பழைய சிவப்புச் சீலையைச் சுற்றித் தைத்த துணிப்பந்து அது. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கதைக்கலாம். வீட்டில் நடந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். செய்தி இல்லையென்றால் ‘இண்டைக்கு ஒண்டுமில்லை’ என்று சொல்லி வலப்பக்கம் கொடுத்துவிட வேண்டும். பந்து குறுக்கே போகாது, திரும்பியும் வராது. கடைசியாக ரீச்சரிடம் போகும். அவரும் ஒரு செய்தி சொல்லுவார். கோழி அடைகிடக்கத் தொடங்கியிருக்கும், அல்லது குடை காற்றில் பிரண்டிருக்கும். பிறகு பாட்டு.

‘ஒண்டுமில்லை’ என்பதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவின் குறட்டை, அம்மா அடிப்பிடிக்க விட்ட கறி, பூனை அப்பாவின் வேட்டிக்குள் குட்டி போட்டது, எல்லாம் என் வாயால் வட்டத்துக்கு வந்தன. மத்தியானம் பிள்ளைகளைக் கூட்ட வரும் தாய்மாரிடம் அவை ஏறி, பின்னேரத்துக்குள் சந்திக்கடை வரை போய்விடும்.

ஆகவே மாமா கனடாவுக்குப் புறப்பட்டபோது, அம்மாவுக்கு அவருடைய பயணத்தைவிட என் வாயை நினைத்துத்தான் பயம். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தவர். வெளிநாட்டுப் பயணம் என்றால் எங்கள் பக்கத்தில், ஆள் போய் இறங்கித் தொலைபேசி எடுக்கும்வரை வீட்டாள் அல்லாத எவருக்கும் மூச்சு விடமாட்டார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்பது ஒரு பயம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போன ஓர் உறவினர் கொழும்போடு திரும்பி வந்த கதை இன்னொரு பயம்.

விடியப்புறம் வான் வந்து மாமாவை ஏற்றிப் போன பிறகு, அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டே சொன்னா: “வட்டத்திலை மாமாவைப் பற்றி வாய் திறந்தாயெண்டால், மாமாவைப் பிளேனிலை இருந்து இறக்கிப் போடுவினம்.”

“நடுவானத்திலையோ?”

அம்மா சீப்பை நிறுத்தி ஒரு கணம் யோசித்தா. “ஓம். நடுவானத்திலைதான்.”

தினமும் மாமாதான் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போவார். மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே உள்ளே போவார்கள். என்னை மட்டும் ரீச்சர் வாசல் படலை வரை வந்து கூட்டிப்போவார். நான் கெட்டிக்காரி என்பதால்தான் அந்த மரியாதை என்று நம்பியிருந்தேன். மாமாவும் உடனே போகமாட்டார். முற்றத்துத் தண்ணீர்க் குழாயை ஒருமுறை திருகிப் பார்ப்பார். அது பழுதாகி நான் கண்டதில்லை.

அன்று அப்பா கொண்டுபோய் விட்டார். ரீச்சர் படலையில் நின்றார்.

“மாமா வரேல்லையோ?” என்று என்னிடம் கேட்டார்.

“மச்சான் தோட்டத்திலை நிக்கிறார், ரீச்சர்,” என்று எனக்கு முந்திக்கொண்டு சொல்லிவிட்டு அப்பா மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

வட்டம் தொடங்கியது. பந்து கைக்குக் கை மாறி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒருவன் வீட்டில் மாடு கயிறறுத்ததாம். ஒருத்திக்குப் பல் ஆடுகிறதாம். பந்து மடியில் விழுந்தபோது நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அதற்கு மேலே எங்கேயோ மாமா இருந்தார்.

“இண்டைக்கு ஒண்டுமில்லை.”

வட்டம் திகைத்துப் போனது. பக்கத்தில் இருந்தவன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். “ரீச்சர், இவளுக்குக் காய்ச்சல் போல.”

பந்து போய்விட்டது. மாமா தப்பினார் என்று மூச்சு விட்டேன். ஆனால் கடைசியில் ரீச்சரிடம் போன பந்து அங்கே நிற்கவில்லை. அவர் அதைப் பாயின் நடுவே, நேராக என்னிடம் உருட்டினார்.

“குறுக்காலை உருட்டக் கூடாது, ரீச்சர்,” என்றான் காய்ச்சல் பார்த்தவன்.

அவன் சொன்னது ரீச்சருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. “வடிவா யோசிச்சுச் சொல்லு, பிள்ளை. வீட்டிலை எல்லாரும் சுகமோ? மாமா?”

எல்லாக் கண்களும் என்னில். பந்து கையில் இருக்கும்போது கதைக்க வேண்டும், அது சட்டம். கதைத்தால் மாமா விழுவார். வியர்த்த கைக்குள் துணி நனைந்தது. அப்பா படலையில் சொன்னது ஞாபகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா தோட்டத்திலை. வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிறார்.” அதோடு நின்றிருக்கலாம். செய்தி சொல்லிப் பழகிய வாய் நிற்கவில்லை. “மத்தியானம் என்னைக் கூட்ட வருவார்.”

ரீச்சரின் முகம் சட்டென்று தெளிந்தது. அன்று எங்களுக்கு ஒரு பாட்டுக்குப் பதிலாக மூன்று பாட்டுக் கிடைத்தது.

மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் ரீச்சர் என் கையைப் பிடித்தபடி படலையில் நின்றார். வந்தது அம்மா. ரீச்சர் அம்மாவின் பின்னால் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார்.

“தம்பி வருவார் எண்டு பிள்ளை சொன்னவ…”

“அவனுக்குத் தோட்டத்திலை வேலை முடியேல்லை,” என்றா அம்மா. வழியெல்லாம் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தா. நான் கெட்டிக்காரி என்பது வீட்டிலும் உறுதியானது.

இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. அம்மா இனிப்பு ரொபிப் பையொன்றைத் தந்து, “இனி நீ விரும்பினபடி கதை” என்றா. வட்டத்தில் பந்து வந்ததும் எழுந்து நின்றே சொன்னேன். “எங்கடை மாமா கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டார். தோட்டத்திலை நிண்டவர் எண்டது பொய்.”

எல்லாரும் கை தட்டினார்கள். ரீச்சரும் தட்டினார், கொஞ்சம் பிந்தி. நான் ரொபி நீட்டியபோது, “எப்ப போனவர்?” என்று கேட்டார்.

“நீங்கள் பந்தைக் குறுக்காலை உருட்டின அண்டைக்கு.”

ரொபியை அவர் உரிக்கவில்லை. பந்து சுற்றிக்கொண்டு போய் அவர் மடிக்கு வந்தது. நாங்கள் கோழியையோ குடையையோ எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அவர் பந்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“இண்டைக்கு ஒண்டுமில்லை,” என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவ்வளவு பெரிய ரீச்சரிடம் ஒரு செய்தியும் இல்லையாம். நான்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.