மணி அடித்தது என் சட்டைப்பையில்

செல்போன் எங்கள் ஆரணிக்குள் வந்த புதிது. தம்பிக்குப் பெண் பார்க்க வந்தவாசிக்குக் கிளம்பும் நேரத்தில், பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் நண்பர் தனபால் போனும் கையுமாக வழிமறித்தார். "ஜல்தியா பாருங்க, மணி சத்தமே பத்தல."

எதையெதையோ அமுக்கினேன். அது ஒரு நம்பர் கேட்டது. என் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பெண் வீட்டில் பஜ்ஜியில் கை வைத்ததும் என் போன் அலறியது. "அரக்கு பார்டர் புடவை என்னாச்சு?" அதை வைத்தால் இன்னொருவர். பெண்ணின் அப்பா முறைத்தார். "நீங்க வாத்தியார்னுதானே சொன்னாங்க?"

வெளியே ஓடி, செல்லில் பேசினால் காசு அதிகம் என்று டெலிபோன் பூத்திலிருந்து தனபாலைக் கூப்பிட்டேன். என் சட்டைப்பையில் மணி அடித்தது! அவருக்கு வரும் போனையெல்லாம் எனக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தம்பியை அங்கேயே விட்டுவிட்டு ஆரணி பஸ் ஏறினேன்.

வழியில் தனபாலின் மனைவி கூப்பிட்டார். என்னைப் பேசவே விடவில்லை. "ஏங்க, அந்த வாத்தியார் கையில மட்டும் போனைக் குடுத்துடாதீங்க. எதையாச்சும் அமுக்கிகினே இருந்து கெடுத்துடுவாரு!"

"குடுத்துட்டாரும்மா" என்றேன்.

இப்போதெல்லாம் யார் போனை நீட்டினாலும், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன்.