இக்கிற மாடு

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் தரகர் கில்பர்ட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த மாட்டின் வாய் திறந்திருக்கிறதோ அந்த மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். இடது கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் உதட்டைத் தள்ளி, கீழ் வரிசையை ஒரு பார்வை பார்த்து, “நாலு பல்லு” என்றோ “கடைப்பல்லும் மொளச்சு, கடை சேந்துபோச்சு” என்றோ சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மாட்டுக்காரன் வயதைக் குறைத்துச் சொல்லலாம், கொம்பைச் சீவி எண்ணெய் தடவலாம். பல்லை என்ன செய்ய முடியும்?

இப்படி ஊர் மாட்டு வாயையெல்லாம் பார்த்த மனிதர் தன் வாயைப் பார்க்காமல் விட்டுவிட்டார். ஐம்பதைத் தாண்டியதும் மேல் வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. கிராம்பு வைத்தார். புகையிலை அடக்கினார். சாராயம் கொப்பளித்தார். கொப்பளித்ததைத் துப்புவதில்லை என்று மனைவி அன்னாள் பங்குச் சாமியாரிடமே போய்ச் சொல்லிவிட்டாள். கடைசியில் எழுபத்துநாலாம் வருஷத்துத் தவக்காலத்தில் புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் மேல் வரிசை முழுவதையும் பிடுங்கி அனுப்பினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை. பிடுங்குவது இலவசம், கட்டிக்கொள்வதற்குத்தான் செலவு என்பது பிறகுதான் தெரிந்தது.

தவக்காலமாக இருந்ததால் அவர் மூன்று வேளையும் கஞ்சி குடித்ததை யாரும் விசேஷமாக நினைக்கவில்லை. தவக்காலம் முடிந்து பாஸ்கா திருநாளில் ஊரே கறி தின்றபோதுதான் வயிறு எரிந்தது.

“பல்லு கட்டணும்டி” என்றார்.

“மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாது. அது பொழைக்கலையா?” என்றாள் அன்னாள்.

இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே கில்பர்ட்தான். ஆகையால் மறுத்துப் பேச வழியில்லை.

ஆனால் மாடு தரகு பேசுவதில்லையே. உதட்டைக் கடிக்க மேல் பல் இல்லாததால் கில்பர்ட்டின் வாயில் வகரம் நின்றுபோயிற்று. சந்தையில் ஒருவனிடம், “விக்கிறியா?” என்று கேட்டார். அது “இக்கிறியா?” என்று, அந்தப் பக்கத்துப் பேச்சில் ‘இருக்கிறியா?’ என்று, போய் விழுந்தது. “இக்கிறேன், பொழுது சாயற வரைக்கும் இங்கதான் இக்கிறேன்” என்று அவன் மரியாதையாகப் பதில் சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஒரு பொடியன், “தரகரே, நீங்க எத்தினி பல்லு?” என்று கேட்டான். அதற்கடுத்த வாரம் அவரைக் கூப்பிட்டு மாட்டைக் காட்டியவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். தரகனுக்கு வாய்தான் ஏர், வாய்தான் எருது. கில்பர்ட் பயந்துபோனார்.

அன்னாள் தன் ஆடுகள் இரண்டை விற்று இருநூறு ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

இதற்கு நடுவில் சம்மனசும் சாப்பாட்டை நிறுத்தியது. சம்மனசு அவர் வண்டி மாடு. ரெண்டு பல்லில், இளங்காளையாக வாங்கியது. ஜோடி செத்துப் பல வருஷம் ஆகியும் இது மட்டும் பூவரச மரத்தடியில் வேலை வெட்டி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. தரகன் வீட்டில் கிழட்டு மாடு கட்டியிருப்பது தொழிலுக்கே அவமானம். கேட்டால், “நல்ல வெல வரட்டும்” என்பார். வந்த விலையெல்லாம் அவருக்கு நல்ல விலையாகப் படவில்லை. இப்போது அது வைக்கோலை மென்று மென்று கடைவாயில் ஒழுக விட்டது. மாட்டு டாக்டர் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்து, கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து கன்னத்தைக் குத்துகிறது, நீள அரம் போட்டு ராவ வேண்டும், அரத்தோடு டவுனிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார். வண்டி வாடகை, கூலி, மருந்து எல்லாம் சேர்த்து நூறாவது ஆகும்.

“இந்த மாட்டுக்கா?” என்றும் கேட்டார். கில்பர்ட் சம்மனசின் கடைவாயைத் துண்டால் துடைத்துவிட்டார்.

முதலில் தன் பல். சம்பாதித்தால் அப்புறம் சம்மனசுக்கு. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு பல் டாக்டரிடம் போனார். சின்ன வயதுக்காரர். வாயைத் திறக்கச் சொல்லி, கட்டைவிரலால் உதட்டைத் தள்ளிப் பார்த்தார். அந்தக் கைப்பாங்கு கில்பர்ட்டுக்குப் பிடித்திருந்தது.

“மேல் செட்டு முழுசும் கட்டணும். நானூறு ஆகும்.”

இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விலையை இப்படி வாய்விட்டுச் சொல்கிறாரே என்று கில்பர்ட்டுக்குக் கூச்சமாகிவிட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு டாக்டர் பக்கம் நீட்டினார். மாட்டு வியாபாரத்தில் விலை துண்டுக்குள்தான். எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறார்களோ அத்தனை நூறு. திருப்பி அழுத்தினால் முடிந்தது. பிறகு பெற்ற தகப்பனே வந்து சொன்னாலும் மாற்றக் கூடாது.

கஞ்சி குடித்த உடம்பு, கை நடுங்கியது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டு, இரண்டு விரலைப் பிடித்து இதமாக அழுத்தினார்.

“ஒண்ணும் பயம் இல்லைங்க” என்றார்.

கில்பர்ட் திருப்பி அழுத்தினார். படித்தவராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர் என்று வழியெல்லாம் டாக்டரைப் பாராட்டிக்கொண்டே வந்தார்.

அச்செடுத்து, செட்டு தயாராகி, மறுபடி போனபோது பல் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீருக்குள் கிடந்தது. மாட்டிவிட்டு முகக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். கில்பர்ட், “விக்கிறியா?” என்று சொல்லிப் பார்த்தார். வகரம் வந்துவிட்டது. அழுகையும் வந்தது. இருநூறை எடுத்து மேஜையில் வைத்தார்.

“மீதி?” என்றார் டாக்டர்.

“மீதியா? நீங்கதான சார் ரெண்டு விரல் புடிச்சீங்க?”

“நீங்க பயந்தீங்களேன்னு புடிச்சேன்.”

“துண்டுக்குள்ள புடிச்சீங்களே சார்!”

டாக்டருக்கு இது கடைசி வரை விளங்கவில்லை. கெட்டவர் இல்லை, ஒரு மாசம் பத்திரமாக வைத்திருக்கிறேன், பணத்தோடு வாருங்கள் என்றார். கில்பர்ட் பல்லைக் கழற்றித் தம்ளரில் தானே போட்டார். மேஜை மேல் இருந்த இருநூறையும் எடுத்துக்கொண்டு, வகரம் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தார்.

இனி விற்க வீட்டில் இருந்தது சம்மனசு ஒன்றுதான். அன்னாளிடம் சொன்னார். அவள் கழுநீர்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பானையையே திரும்பவும் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் வந்து நின்றது ஆதிமூலம். பாகூர்ப் பக்கத்து ஆள், கிழ மாடாகப் பார்த்து வாங்கி லாரியில் ஏற்றுகிறவன். லாரி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். அவன் சம்மனசின் உதட்டைத் தள்ளினான். இத்தனை வருஷமும் கில்பர்ட் கையைத் தவிர வேறு கை அந்த வாய்க்குள் போனதில்லை, மாட்டு டாக்டரைத் தவிர. சம்மனசு முரண்டு பிடிக்கவில்லை. வாயைக் கொடுத்துக்கொண்டு கில்பர்ட்டைப் பார்த்தபடி நின்றது.

ஆதிமூலம் துண்டைப் போட்டுக் கில்பர்ட்டின் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினான். இருநூறு. கிழ மாட்டுக்கு அது நல்ல விலை. திருப்பி ஓர் அழுத்து அழுத்தினால் நாளைக்கே பல். அந்த விரல்களுக்கு அது முடியவில்லை.

“இது விக்கிற மாடு இல்ல” என்றார்.

பல் இல்லாத வாயிலிருந்து அது இப்படி வந்தது: “இது இக்கிற மாடு, இல்ல?”

ஆதிமூலம் கொஞ்சம் யோசித்தான். “ஆமா தரகரே, இக்கிற மாடுதான். இக்கட்டும்” என்று கையை எடுத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனான். வாயில் சொல் சரியாக வந்த நாளில்கூடக் கில்பர்ட் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பியபோது அன்னாள் வாசலில் நின்றிருந்தாள். மாட்டைப் பார்த்தாள்.

“விக்கலையா?”

“முடியலடி. ஒன் ஆட்டுக் காசு மட்டும் அப்பிடியே கீது.”

அவள் மூக்கைச் சிந்தினாள். “அப்ப அந்த அரம் போடற ஆள வரச் சொல்லு. ஒரு வாயாவது நல்லாகட்டும்.”

ஆள் வந்தான். வாயில் கட்டையைக் கொடுத்துப் பல்லை ராவினான். கில்பர்ட் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், நடுங்கியதெல்லாம் அவர்தான். வந்தவன் கேட்ட கூலிக்கு அவர் துண்டை எடுக்கவில்லை. வாய் வார்த்தையாகவே பேசி, கேட்டதைக் கொடுத்துவிட்டார்.

சந்தையில் அதன் பிறகு அவருக்கு ‘இக்கிற தரகர்’ என்று பெயர். கூப்பிட்டால் கோபப்படாமல் போய், பல் பார்த்து, எண்ணிக்கையை விரலால் காட்டிவிட்டு வருவார். வருமானம் குறைந்தது குறைந்ததுதான்.

அரம் போட்ட அன்று பொழுது சாய்ந்ததும் அன்னாள் கஞ்சியை ஊற்றி வைத்தாள். தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு இருந்தது, அவரால் கடிக்க முடியாது. பூவரச மரத்தடியில் சம்மனசு வைக்கோலை நொறுக் நொறுக்கென்று மெல்லத் தொடங்கியது. கில்பர்ட் கருவாட்டை அன்னாள் பக்கம் தள்ளிவிட்டு, அந்தச் சத்தத்தைத் தொட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்.